கைராசிக்காரியின் மணிக்கட்டு

அந்த அம்மாளுக்குத் தொழில் கழுவுவது. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுக் கழுவியதால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

கல்யாணமான புதிதில் மாமியார் ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து, அப்படி என்னதான் வேலை என்று அன்பாக விசாரித்தார். மருமகளும் மறைக்காமல் சொன்னார். கண்ணாடித் தட்டில் செல்களைப் போடுவோம், கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைக் கழுவுவோம், எத்தனை ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று எண்ணுவோம். மாமியார் சற்று யோசித்தார்.

"ஒட்டிக்கிட்டு இருந்தா சரியாக் கழுவலேன்னுதானே அர்த்தம்?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அறிவியல் உலகில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதை இங்கே பணிவோடு பதிவு செய்யலாம்.

விஷயம் இதுதான். கருவுக்குள் ஓர் உறுப்பு உருவாக வேண்டுமென்றால் செல்கள் ஆளுக்கொரு திசையில் திரியாமல் ஓரிடத்தில் கூடி நிற்க வேண்டும். நிற்பதற்குப் பிடிமானம் வேண்டும். செல்லுக்கு வெளியே புரத இழைகளால் பின்னிய ஒரு வலை இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் செல்கள் வரிசையாகி, வரிசை குழாயாகி, குழாய் சிறுநீரகமாகி, பிற்காலத்தில் உள்ளே கல் சேர்த்து மனிதனை உருட்டி எடுக்கிற அளவுக்கு முன்னேறுகின்றன. அந்த வலையில் எத்தனையோ புரதங்கள். அதில் ஒன்றை அந்த அம்மாள் வேலை பார்த்த ஆய்வகத்தின் பேராசிரியர் கண்டுபிடித்தார். ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயர் அதற்கு. பிரித்தெடுத்த குப்பிகளில் பதினேழாவதில் அகப்பட்டதால் ஆய்வகத்தில் 'பதினேழு' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். பதினேழு இருந்தால் சிறுநீரகச் செல்கள் ஒட்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. பேராசிரியரின் வாழ்க்கை வரலாறு இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் பொன்னாடை.

இதை நிரூபிப்பது எளிது. இரண்டு தட்டு. இரண்டிலும் புரத வலையைப் பூச வேண்டும். ஒன்றில் பதினேழு சேர்த்து, மூடியில் மார்க்கர் பேனாவால் ஒரு பிளஸ் போட வேண்டும். இன்னொன்றில் சேர்க்காமல் மைனஸ். இரண்டிலும் ஒரே அளவு செல். இன்குபேட்டரின் கதகதப்பில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, மூடியைத் திறந்து, உப்புக்கரைசலால் அலச வேண்டும். ஒட்டாதது போய்விடும், ஒட்டியது நிற்கும். இதில் ஒரே ஒரு சங்கடம். வேகமாக அலசினால் ஒட்டியதும் போய்விடும், மெதுவாக அலசினால் ஒட்டாததும் உட்கார்ந்திருக்கும். கரைசலைத் தட்டின் ஓரமாக இறக்குவதா, நடுவில் சொட்டுவதா, கரைசலைச் சொட்டுகிற பிப்பெட் குழாயை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதெல்லாம் கையில் இருக்கிறது.

அந்தக் கை நம் அம்மாளுக்கு வாய்த்திருந்தது. மற்றவர்கள் அலசினால் இரண்டு தட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இவர் அலசினால் பிளஸ் தட்டில் செல்கள் திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்து நிற்கும், மைனஸ் தட்டு மொட்டைத் தலை போல வெறிச்சோடிக் கிடக்கும். பேராசிரியர் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். "கைராசி" என்றார். அன்றிலிருந்து அந்த அம்மாளின் பெயர் அதுவாகிவிட்டது. ஒரு டாக்டருக்குக் கைராசி உண்டு என்று நோயாளி சொன்னால் அது மூடநம்பிக்கை. பேராசிரியர் சொன்னால் அது செய்முறை.

பேராசிரியருக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. அலசுகிறவருக்கு எது பிளஸ், எது மைனஸ் என்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் அலசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு அறுவை சிகிச்சை செய்வதற்குச் சமம் என்பார். கேட்டவர்களுக்கு உவமை பிடித்திருந்தது, தலையாட்டினார்கள்.

நகரத்தின் மறுகோடியில் இருந்த வேறோர் ஆய்வு நிலையத்திலிருந்து ஒருமுறை ஒருவர் வந்தார். கைராசியின் வயதுதான். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இரண்டு தட்டும் ஒன்றுபோலவே வருகிறது, எங்கே பிசகுகிறேன் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுக்கக் கைராசியின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அலசினார். செல் வளர்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் பொறுப்பில் விட்ட செல் செத்துப்போனதாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் அலச உட்கார்ந்தால் மட்டும் மனிதர் சமத்துவவாதி. இரண்டு தட்டும் இரட்டைப் பிள்ளைகள் போல வந்து நின்றன. ஒருநாள் கைராசி எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு முரட்டுக் கை சார், இது மாவு பிசையற வேலை இல்ல" என்றார். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அவருக்கு முரட்டுக் கை என்று பெயர் நிலைத்தது. திரும்பிப் போன இடத்தில் அவருடைய காண்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டு வண்ண மீன் கடை வைத்திருப்பதாகப் பின்னால் சேதி வந்தது. செல்லை உயிரோடு வைத்திருந்தவருக்கு மீன் பெரிய காரியமா என்று ஆய்வகத்தில் ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள்.

கைராசியின் காண்ட்ராக்ட் மட்டும் வருடா வருடம் நீண்டது. நீண்டதே தவிர முடிவுக்கு வரவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏறி இறங்குவதே பிழைப்பு என்றாலும் வேலை என்னவோ ஆடாமல் அசையாமல் நிரந்தரம். மனைவி வீட்டுக்குள் நுழையும்போது, "எங்க வீட்டு டெம்பரரி வந்தாச்சு" என்று மகளுக்கு அறிவிப்பார். வீட்டில் புதிதாக எது வாங்குவதானாலும் அம்மாவுக்குப் பர்மனென்ட் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். சோபா தள்ளிப்போனது. மகள் கேட்ட மீன் தொட்டியும் தள்ளிப்போனது. தொட்டி கேட்டபோது அவளுக்கு மேஜை உயரம்கூட இல்லை. இப்போது அம்மாவின் தோளைத் தாண்டிவிட்டாள். அம்மா மனத்தில் அந்த ஒரு வார்த்தை மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தது. நிரந்தரம்.

இந்தச் சமயத்தில்தான் பெரிய திட்டம் ஒன்று வருவதாக இருந்தது. வந்தால் கைராசிக்கு நிரந்தரப் பணியிடம், பேராசிரியர் தன் வாயால் சொல்லிவிட்டார். திட்டத்துக்குப் பணம் தரும் மேலிடத்துக் குழு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மூலச் சோதனையை, மூடியில் இருப்பதை மறைத்துவிட்டு மறுபடி செய்து காட்ட வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் சந்தேகம் என்றார் பேராசிரியர். சும்மா ஒரு சம்பிரதாயம், முடித்துக் கொடு என்றார்.

செல் எண்ணுகிறவர் மைக்ராஸ்கோப்காரர். வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிற மனிதர். அவர் மூடிகளின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார். கைராசி பிப்பெட்டை எடுத்தார், மூடியைத் திறந்தார், கை அந்தரத்தில் நின்றது.

என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை. அதுவரை அதற்கு ஏதோ தெரிந்திருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாதிரி சமாளித்து அலசி முடித்தார். மைக்ராஸ்கோப்காரர் எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டு தட்டும் ஒன்று. மறுநாள் செய்தார், ஒன்று. செல்லை மாற்றினார்கள், கரைசலைப் புதிதாகக் காய்ச்சினார்கள், இன்குபேட்டரைத் திட்டினார்கள். இரட்டைப் பிள்ளைகள்தான் பிறந்துகொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் மைக்ராஸ்கோப்காரர் டேப் எதுவும் ஒட்டாமல், வழக்கம்போல் பிளஸ்ஸும் மைனஸும் பளிச்சென்று தெரிய, ஒரு வரிசைத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். சும்மா பழையபடி ஒரு தடவை செய்து பாருங்கள் என்றார். கைராசிக்குப் போன உயிர் வந்தது. சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அலசினார். எண்ணி முடித்தபோது பிளஸ் மூடித் தட்டுகளில் திருவிழா, மைனஸ் மூடித் தட்டுகளில் மொட்டை.

"பார்த்தீங்களா? கை திரும்பி வந்துடுச்சு," என்றார் கைராசி.

மைக்ராஸ்கோப்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூடிய மாத்தி வச்சிருந்தேன்மா."

"எந்த மூடிய?"

"எல்லாத்தையும்."

தட்டின் அடியில் அடையாளத்துக்கு அவர் வைத்திருந்த சின்னப் புள்ளிகளைத் திருப்பிக் காட்டினார். பதினேழு இருந்த தட்டுகள் மொட்டையாகக் கிடந்தன. பதினேழு வாசனையே படாத தட்டுகளில் செல்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. செல்கள் இத்தனை காலமும் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை. மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கைராசி ஒரு காலித் தட்டை வைத்து, மைனஸ் மூடியைத் திறந்து, தன் கையைத் தானே வேவு பார்த்தார். மணிக்கட்டு ஒரு விரற்கடை உயர்ந்தது. கரைசல் ஓரத்தில் இறங்காமல் நடுவில் விழுந்தது. பிளஸ்ஸைத் திறந்தார். மணிக்கட்டு தாழ்ந்தது, கரைசல் தட்டின் சுவரோரமாகத் தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போவதுபோல இறங்கியது. அவர் சொல்லிக் கொடுத்து அந்தக் கை அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்கு யார் வந்தால் எந்தத் தம்ளரில் காபி கொடுப்பது என்று சில கைகளுக்குத் தானாகத் தெரிவதுபோல அதற்கும் தெரிந்திருந்தது.

பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மூடி மாற்றியது, புள்ளி வைத்தது, மணிக்கட்டு உயர்ந்தது, ஒன்றையும் விடவில்லை. பேராசிரியர் முட்டாள் இல்லை. பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"முதன்முதல்ல கழுவினது நான்தான்மா," என்றார். "நீ வர்றதுக்கு முன்னாடி."

தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அவர் வெறும் வயதான மனிதராக இருந்தார். கைராசிக்குப் பாவமாகக்கூட இருந்தது. அந்த நிமிஷம் நீடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். உனக்கு மணிக்கட்டு வலிக்குதா?"

"இல்ல சார்."

"யோசிச்சு சொல்லு."

"வலி இருந்தா யோசிக்கவா சார் வேணும்?"

பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். இத்தனை காலம் கழுவிய கை, தேய்மானம் இருக்காதா? மணிக்கட்டில் வீக்கம் வந்து அந்தக் கையால் சோதனையை மறுபடி செய்ய இயலவில்லை என்று குழுவுக்குச் சொல்லிவிடலாம். பழைய முடிவுகள் பழையபடி நிற்கும். வலியோடு கழுவச் சொல்ல யாருக்கும் மனம் வராது, ஆகவே கைராசிக்குப் பயிற்சிப் பொறுப்பாளர் என்று ஒரு நிரந்தரப் பணியிடம். மாறாக, மூடியைப் பிடித்துத் தொங்குவதென்றால் தொங்கலாம். பதினேழை நம்பி டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருக்கிறது, அவர்கள் வயிற்றில் அடிக்கலாம். இந்த வருடம் காண்ட்ராக்ட் நீள்வதற்கு இடமும் இருக்காது. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, வானிலை அறிக்கை போலச் சொன்னார்.

"திங்கக்கிழமை வந்து சொல்லு. வலிக்குதா இல்லையான்னு மட்டும் சொன்னா போதும்."

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் கைராசியைவிட வேகமாக யோசித்து முடித்தார்.

"வலிக்குதுன்னா பர்மனென்ட்டு, வலிக்கலேன்னா வீட்டுக்கு. இதுல என்ன யோசனை? எனக்கே வலிக்குது."

கருவிப் பெட்டிக்குள்ளிருந்து சுளுக்குக்குச் சுற்றும் துணிக் கட்டு ஒன்றை எடுத்து வந்து, சும்மா அளவு பார்க்கலாம் என்று மனைவியின் மணிக்கட்டில் சுற்றினார். லிஃப்ட் கம்பி சுற்றிய கை, கட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. மகள் அறைக்கு உள்ளிருந்து, அப்படியென்றால் மீன் தொட்டி வருமா என்று கேட்டாள்.

கைராசிக்கு உறுத்தியது வேறு. பட்டம் வாங்கியவர்கள் எப்படியோ பிழைத்துக்கொள்வார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கத் தன் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தட்டையும் நேர்மையாக ஒரே மாதிரி அலசி, சரியான விடையை நாள் தவறாமல் கண்முன் வைத்த ஒருவர் இருந்தார். அவரை எல்லோர் முன்னாலும் சிரித்துப் பேர் வைத்து அனுப்பியது தான்தான். ஞாயிற்றுக்கிழமை நேராகப் போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அவரிடம் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை பேராசிரியரிடம் வலிக்கிறது என்று சொல்ல வாய் வராது. அதற்காகவே முதலில் அங்கே போக நினைத்தார்.

மகளையும் கூட்டிக்கொண்டு போனார். மணிக்கட்டில் இருந்த துணிக் கட்டை அவிழ்க்க மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

கடை முழுக்கத் தொட்டிகள், எல்லாவற்றிலும் மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. முரட்டுக் கை கொஞ்சம் பெருத்திருந்தார், தலை நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்ததும் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"நான் சொல்வேன்ல, கைராசி மேடம். இவங்கதான்."

மனைவி வந்து ஒரு பிரபலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மகள் தொட்டி தொட்டியாக நடந்து, கறுப்பு வால் வைத்த ஒரு செம்மஞ்சள் மீனிடம் போய் நின்றாள். இது வேண்டும் என்றாள். முரட்டுக் கை சுவரில் தொங்கிய சின்ன வலையை எடுத்தார், எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"நீங்க எடுக்க மாட்டீங்களா அங்கிள்?" என்றாள் மகள்.

"எனக்கு முரட்டுக் கைம்மா. மீனுக்கு ஆகாது, செதில் போயிடும். உங்கம்மாவே சொல்லியிருக்காங்க, கேட்டுப்பாரு."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன பத்தியத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். கடை வைத்த நாளிலிருந்து மீனைப் பிடிப்பது மனைவிதான் என்பதும், மனைவி ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் கடையில் மீன் விற்பதில்லை, தீனியும் கூழாங்கல்லும் மட்டும்தான் விற்கும் என்பதும் பேச்சுவாக்கில் வெளியே வந்தன.

"உங்க கை முரடு இல்ல சார்," என்றார் கைராசி.

"விடுங்க மேடம்."

"இல்ல, நிஜமாத்தான் சொல்றேன். அன்னைக்கு உங்க தட்டு ரெண்டும் ஒரே மாதிரி வந்துச்சே..."

"வந்துச்சு. ஏன் ஏன்னு பைத்தியம் புடிக்காத குறைதான். ஒரு கட்டத்துல எனக்குக் கை இல்லேன்னு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்ட பிறகுதான் சோறு இறங்குச்சு." அவர் சிரித்தார். அப்போதுதான் கட்டைப் பார்த்தார். "கைக்கு என்னாச்சு மேடம்?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். கைராசி வாயைத் திறந்தார். மோட்டார்கள் குமிழி விட்டன. மகள் ஒரு பெரிய தொட்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, இதை எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"வீக்கம்," என்றார் கைராசி.

"அந்தக் கைக்கா?"

முரட்டுக் கையின் கண்கள் நிஜமாகவே கலங்கின. மனைவியைப் பார்த்து, எந்தக் கை தெரியுமா இது என்றார். மகளுக்கு வாங்கிய தொட்டியைத் தூக்கக் கைராசி எழுந்தபோது பதறித் தடுத்தார். கூழாங்கல் பரப்பிய தொட்டியைத் தானே மார்போடு அணைத்து, கடைப் படியிறங்கி, தெருவைக் கடந்து, ஆட்டோவின் பின்சீட்டில் கொண்டுவைத்தார். வைத்தபோது கல்லில் ஒன்றுகூட இடம் மாறவில்லை. கைராசி அதைப் பார்த்தார். மீன் பையை இடது கையில் பிடித்துக்கொண்டு, பார்த்தபடியே நின்றார்.

திங்கட்கிழமை பேராசிரியர் கேட்பதற்கு முன்பே, வலிக்குது சார் என்றார்.

பணியிடம் வந்தது. சோபாவும் வந்தது. கணவர் இப்போது அறிவிப்புச் செய்வதில்லை. மைக்ராஸ்கோப்காரர் அந்த வார வாக்கியத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டு அப்படியே ஓய்வு பெற்றார். பயிற்சிக்கு வருகிறவர்கள் அலசுவதைக் கைராசி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். மூடிகளில் பிளஸ்ஸும் மைனஸும் பளிச்சென்று தெரியும்படி எழுதச் சொல்கிறார். யாருக்காவது இரண்டு தட்டும் ஒன்றுபோல வந்தால், அவர் யாருக்கும் பேர் வைப்பதில்லை. இன்னும் பழகணும் என்று மட்டும் சொல்கிறார்.

கட்டை அவிழ்க்க முடியவில்லை, அவிழ்த்தால் கேட்பார்கள். வருடக்கணக்காகக் கட்டுக்குள் கிடந்து அந்தக் கை மெலிந்துவிட்டது, விரல்கள் மடங்க மறுக்கின்றன. குளிர் நாட்களில் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, வீக்கம் இருக்கிறதே, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கடிந்துகொண்டார். பேராசிரியர் சொன்ன முடிவுகளில், வேறொருவர் தனியாகப் பார்த்தும் சரியாக வந்தது இது ஒன்றுதான்.